இடப்பக்கத்து நாற்காலி

விளக்கு மினுக்குகிறது. திரைக்குக் கீழே மேசை விளிம்பில் ஒட்டிவைத்திருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை பொத்தான்கள். விளக்கு மினுக்கும்போதெல்லாம் இந்த நிமிஷம் வேலை எனக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து என்றால் மூழ்கிக்கொண்டிருக்கிறேன். மூழ்குகிறவள் எதுக்கு சார் பொத்தானைத் தேடப்போறா என்று காலையிலேயே கேட்டேன், ராமபத்ரன் சார் சிரித்தார், தாளைத் திருப்பினார், சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பியே இந்தக் கட்டிடத்தின் தலைவராக ஆன மனுஷன் அவர். ஐந்தை அழுத்து, எது வந்தாலும் ஐந்தையே அழுத்து என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் சங்கத்துச் செயலாளர் தில்லைநாயகம். என் விரல் போய் இரண்டை அழுத்துகிறது. இரண்டுதானே. திரையில் ஐந்தாறு விமானம், எல்லாம் தன் பாட்டுக்குப் போகிறது, இதற்கு எவள் ஐந்து அழுத்துவாள். விமானம் என்றால் விமானமும் இல்லை. இது சிமுலேட்டர். விமானங்களுக்கு வழி சொல்லும் நிஜ ரேடார் அறை இரண்டு மாடி மேலே இருக்கிறது, அதையே அச்சு எடுத்த மாதிரி இங்கே கீழே கட்டிவைத்திருக்கிறார்கள், அதே திரை, அதே ஹெட்செட், அதே குளிர். வானம் மட்டும் பொய். அடுத்த அறையில் ஒரு பெண் உட்கார்ந்து அத்தனை விமானத்துக்கும் பைலட்டாகப் பேசுகிறாள், சிங்கப்பூர்க்காரனும் அவள்தான், கொழும்புக்காரனும் அவள்தான், ஆளுக்கு ஆள் குரலை மாற்றப் பார்க்கிறாள் பாவம், கொழும்புக்காரனுக்கு மூக்கால் பேசுகிறாள், ஜலதோஷம் பிடித்த பிள்ளை நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிய மாதிரி. இறங்கச் சொன்னால் இறங்குகிறாள். திரும்பச் சொன்னால் திரும்புகிறாள். நாள் முழுக்க ஏழெட்டுப் பேராக இருந்துவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அவள் யாராகப் போவாள் என்று ஒரு நினைப்பு வருகிறது, வரக்கூடாது, இப்போது வரக்கூடாது. இடது மூலையைப் பார். மஞ்சள் கட்டம் வந்திருக்கிறது. அதை அழுத்து. அழுத்திவிட்டேன். இதுதான் புது முறை. மஞ்சள் கட்டம்.

மஞ்சள் கட்டம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு ஆள் இருந்தார். எனக்கு இடது பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், இன்னொரு நாற்காலி. நான் பைலட்டுகளோடு பேசுவேன், பக்கத்து நாற்காலி மற்ற செக்டார்களோடு, வானத்தின் பக்கத்துத் துண்டுகளைப் பார்க்கிறவர்களோடு, போனில் பேசும். வடக்கே ஹைதராபாத் பக்கத்து செக்டாரிலிருந்து ஒருத்தன் வருகிறான், அவனை எந்த உயரத்தில் எங்களிடம் ஒப்படைப்பது, நாங்கள் ஏற்றி அனுப்புகிறவனை அவர்கள் எங்கே வாங்கிக்கொள்வது, இதெல்லாம் அந்த நாற்காலியின் பேச்சு. இனிமேல் போன் கிடையாது. பக்கத்து செக்டார்க்காரன் கேட்பது மஞ்சள் கட்டமாகத் திரையில் வந்து நிற்கும், நான் சரி என்றோ முடியாது என்றோ அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எந்த ஊர் நியாயம் இது, பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வது, பெண் பார்க்க வந்த இடத்தில்தான் அப்படி. மீட்டிங்கில் இதையே சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்கியதும் ராமபத்ரன் சார், "ரெண்டு பேர் வேலைய ஒருத்தர் செய்ய முடியுதான்னு சிமுலேட்டர்ல பார்த்துட்டா பிரச்சனையே இல்லையே மேடம்" என்றார். அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறினால் எனக்கு வாய் நிற்காது. என்னை உட்கார வைங்க சார் என்றேன். இந்தக் கட்டடத்துல என்னைவிட வேகமா ஓட்டற கை எது, சொல்லுங்க. எனக்கே முடியலன்னா யாருக்கும் முடியாது, நாற்காலி இருக்கட்டும். எனக்கு முடிஞ்சுதுன்னா எடுத்துக்குங்க. எழுதிக்குங்க. எழுதிக்கொண்டார்கள். தில்லைநாயகம் கேண்டீனில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, ஊரு நாற்காலிய நீ ஏன் பந்தயத்துல வச்ச? சரி, வச்சது வச்ச. போய் அஞ்சு அழுத்திட்டு வா. அழுத்தறதுக்கு ஒரு விரல் போதும், மூளை வேணாம்." பொய் எடை போட மாட்டேன் சார் என்றேன். "அப்போ தோத்துட்டாவது வா" என்றார். அது இன்னும் கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. வேண்டுமென்றே தோற்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கொழும்புக்காரன் மூக்கால் கூப்பிடுகிறான். நேர்வழி வேண்டுமாம். தருகிறேன், முதலில் வேகத்தைக் குறை. குறைக்கிறேன் என்கிறாள். இந்தா நேர்வழி. என் வேலையே இதுதான், பேரம். புத்தகத்தில் பேரம் என்று போட்டிருக்காது, அது கட்டுப்பாடு, வரிசைப்படுத்தல், என்னென்னவோ. நான் செய்வது பேரம். நீ எனக்கு வேகத்தைக் கொடு, நான் உனக்கு வழியைக் கொடுக்கிறேன். நீ கொஞ்சம் முன்னாடியே இறங்கு, உன்னைச் சுற்றவிடாமல் உள்ளே விடுகிறேன். எங்கள் அம்மா வியாசர்பாடியிலிருந்து தலையில் கூடையோடு கிளம்பி மாம்பலம் தெருத்தெருவாகப் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போடுவாள். லீவு நாளில் நானும் கூடப் போவேன். கதவைப் பாதி திறந்துகொண்டு நிற்பார்கள், இந்த ரெண்டு புடவைக்கு அந்தக் குத்துப்போணி வருமா என்பார்கள். அம்மா புடவையைத் தொடவே மாட்டாள். கூடையைத் தூக்குகிற மாதிரி குனிவாள். அவ்வளவுதான், உள்ளேயிருந்து இன்னொரு வேட்டி வரும். எப்போது குனிய வேண்டும் என்பதுதான் கணக்கு, சீக்கிரம் குனிந்தால் கதவு சாத்திவிடும், தாமதமாகக் குனிந்தால் இளப்பமாகப் பார்ப்பார்கள். பைலட்டுகளும் அப்படித்தான். ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும். பேசத் தெரியாதவள் என்றுதான் இங்கே சேர்ந்த புதிதில் என்னை நினைத்தார்கள், இங்கிலீஷ் வராது, மாநகராட்சிப் பள்ளி. ரேடியோ இங்கிலீஷ் எனக்கு மூன்றே மாதத்தில் வந்தது, ஏனென்றால் அதில் மொத்தமே கொஞ்சம் சொற்கள், அதில் சண்டை போட வழி இல்லை, மன்னிப்புக் கேட்க வழி இல்லை, எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வழி இல்லை. எனக்குத் தோதான பாஷை. நாள் முழுக்கப் பேசலாம், ஒருத்தரிடமும் பேசியிருக்க வேண்டாம். மினுக்குகிறது. இரண்டு. மறுபடியும் இரண்டு. சின்னதாக ஒரு பயம், விமானங்களைப் பார்த்து இல்லை. நன்றாகப் போகிறது. அதுதான் பயம். இடது கையால் மஞ்சள் கட்டம், வலது கையால் உயரம், வாயால் பேரம், எல்லாம் ஓடுகிறது. முடிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே முடிந்துவிட்டால் மேலே அந்த அறையில் ஒவ்வொரு திரைக்கும் முன்னால் ஒற்றை நாற்காலிதான் இருக்கும், வரிசையாக, ஒவ்வொருத்தரும் தன்னந்தனியாக, வாயருகே ஒரு மைக்கோடு. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு கேவலம்.

முதுகுப் பக்கம் ஒரு இருமல். தெரியும், அவன்தான், சத்தியசீலன், சீலன் என்று கூப்பிட்டுப் பழக்கம். காலி நாற்காலிக்குப் பின்னால் அட்டையும் பேனாவுமாக நிற்கிறான். இன்றைக்கு அவன் பார்வையாளர், பேசக்கூடாது, தொடக்கூடாது, நான் செய்வதைப் பார்த்து எழுதிக்கொள்ள மட்டும். பதினொரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். கோவில்பட்டிக்காரன், வேர்க்கடலை இல்லாமல் ஷிஃப்டுக்கு வரமாட்டான், மென்று சத்தம் வரக்கூடாது என்று வாயிலேயே ஊறவைத்துத் தின்பான். எங்களுக்குள்ளே பேச்சு அதிகம் கிடையாது. பேசவும் முடியாது, நான் ஒரு காதில் பைலட்டு, அவன் ஒரு காதில் போன். அதனால் தட்டுவோம். எந்த விமானத்தையாவது அவன் கவனிக்க வேண்டுமென்றால் நான் திரையில் அதன்மேல் பேனாவை வைத்துவிட்டு மேசையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். இவனை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். அவன் ஒரு தட்டு தட்டுவான். எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். யார் ஆரம்பித்தது என்று ஞாபகம் இல்லை, யாரும் சொல்லி வைக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த ஒரு தட்டு விழுந்துவிட்டால் அந்த விமானத்தை நான் மறந்துவிடலாம். அப்படி மறப்பது என்ன சுகம் என்று வீட்டில் தனியாக இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும், கேஸை அணைத்தோமா கதவைப் பூட்டினோமா என்று எல்லாவற்றையும் தானே நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு. பிறகு அவனுக்குச் சர்க்கரை ஏறியது. மருத்துவச் சோதனையில் தள்ளிவிட்டார்கள், ரேடார் அறைக்குள் விடவில்லை, கீழே திட்டப் பிரிவில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். அப்புறம் பார்த்தால் இந்த ஒற்றை நாற்காலித் திட்டத்தை எழுதியவனே அவன், முதல் தாளில் அவன் பெயர். அன்றோடு பேச்சை விட்டேன். இன்றைக்குச் சோதனைக்கு முன்னால் டீ மிஷின் பக்கத்தில் நின்றவனிடம் வாய் சும்மா இருக்கவில்லை. உக்காந்த நாற்காலிய நீயே ஒடைச்சு அடுப்புல வைக்கறியே, உனக்கு என்ன போச்சு என்றேன். அவன் டீயை ஊதினான். "நான் போனதுக்கப்புறம் அந்தச் சேர்ல எத்தன பேரு மாறியிருக்காங்க பூஷணம்?" நான் மிஷினில் என் டீயைப் பிடித்தேன். "ஒருத்தராவது நெலச்சாங்களா? ஒருத்தன் அழுதுக்கிட்டே போனான். அந்தக் கேரளாப் பொண்ணு நைட் ஷிஃப்ட் வேணும்னாலும் பரவால்ல, உங்கூட வேணாம்னு எழுதிக் குடுத்துச்சு. நீ ரெண்டு வருசமா ஒத்தையாத்தான் ஓட்டிக்கிட்டிருக்கே. நான் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. உன்னையப் பார்த்து எழுதினதுதான்." டீ குப்பையில் போனது, என் டீ, குடிக்காமல். என்னைப் பார்த்து எழுதினானாம்.

நான் திட்டினேன்தான். திட்டாமல் என்ன செய்ய. தட்டினால் திரும்பிப் பார்த்து என்ன மேடம் என்று கேட்பார்கள். என்ன மேடம். இரண்டு தட்டுக்கு வார்த்தையால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரம் ஏது, விமானம் நிற்குமா. அந்தக் கேரளாப் பெண் ஒரு நாள் பயந்துபோய் பதிலுக்கு மூன்று தட்டு தட்டியது. பாவம், கற்றுக்கொள்ளத்தான் பார்த்தது. நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டே திட்டினேன் என்று ஞாபகம். பம்மலில் என் வீட்டுக்கு மேலேதான் இறங்குகிற வழி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு பால்கனியில் உட்கார்ந்தால் ஒவ்வொருத்தனாக வயிற்றைக் காட்டிக்கொண்டு போவான், சத்தத்தை வைத்தே எவன் என்று சொல்வேன், துபாய்க்காரன் லேட்டு, மதுரைக்காரன் சீக்கிரம். சொல்வேன் என்றால் சுவரிடம். கீழ்வீட்டு அம்மாள் ஒரு தடவை, உங்க வீட்ல யாரோட பேச்சுச் சத்தம் கேக்குது, ஊர்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்களா என்றாள். ஆமா என்றேன். சிங்கப்பூர்க்காரன் கூப்பிடுகிறான். தெற்கே மழைமேகம் போட்டிருக்கிறார்கள், திரையில் பச்சையும் சிவப்புமாக ஒரு பெரிய கறை, சிமுலேட்டர்க்காரன் வரைந்த மழை. சிங்கப்பூர்க்காரன் மேகத்தைச் சுற்றிப் போக இடப்பக்கம் விலகணுமாம். கொழும்பும் விலகணுமாம். திருச்சிக்காரன் வலப்பக்கம். ஒரே பெண் மூச்சு வாங்க மூன்று பேராகக் கெஞ்சுகிறாள். நீ இரு, நீ போ, நீ அவன் போனதும் போ. வடக்கே கொல்கத்தாவுக்குப் போகிறவன் ஏறிக்கொண்டிருக்கிறான், இடது மூலையில் மஞ்சள் கட்டம், வடக்கு செக்டார் கேட்கிறது, டெல்லியிலிருந்து வருகிறவனைக் கீழே இறக்கி அனுப்பட்டுமா. கூடாது. கொல்கத்தாக்காரன் அந்த உயரத்துக்குத்தான் ஏறிப் போகிறான், நேருக்கு நேர். மேலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். திருச்சிக்காரன் மறுபடி கூப்பிடுகிறான். என் பேனா டெல்லிக்காரன்மேல் போய் நிற்கிறது, இடது கை முட்டி மேசையில் விழுகிறது, டக் டக். டக் என்று பதில் வருகிறது. பின்னாலிருந்து, நாற்காலி முதுகின் மேலிருந்து, ஒரே ஒரு தட்டு, வேர்க்கடலைக்காரன் தட்டு. எடுத்துக்கொண்டான். சரி. நான் தெற்கே திரும்புகிறேன். தோளிலிருந்து எவனோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. திருச்சி, நீ வா இப்படி. கொழும்பு, நேராகப் போ, உனக்கு நல்ல காலம். எட்டு விமானம் கையில், மூன்று மேகத்தில், எல்லாம் வழவழவென்று வழுக்கிக்கொண்டு வரிசைக்கு வருகிறது, குரல்கூடத் தாழ்ந்து வருகிறது எனக்கு, பாட்டுப் போல. மினுக்குகிறது. எவ்வளவு வேலை என்று அது கேட்கவில்லை. எவ்வளவு பாரம் என்றுதான் கேட்கிறது. யோசிக்கவே இல்லை. ஒன்றை அழுத்தினேன்.

அழுத்திய விரல் பொத்தானிலேயே இருக்கும்போது வடக்கே இரண்டும் சிவப்பாகின்றன. டெல்லியும் கொல்கத்தாவும். கட்டத்தைத் தேடுகிறேன், கட்டம் இல்லை. பதில் வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. வடக்கு செக்டார்க்காரன் டெல்லியை இறக்கிவிட்டான். இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வருகின்றன. கொல்கத்தா, உடனே வலப்பக்கம் திரும்பு, உடனே. திரும்புகிறேன் என்கிறாள் பெண், திரும்புகிறாள், அதற்குள் திரையில் எழுத்தோடு எழுத்து ஏறிவிட்டது, பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து படிக்க முடியாமல் ஒரு சிவப்புக் கட்டியாகிறது. மோதல் இல்லை. மோதல் இல்லை, கிட்டே, ரொம்பக் கிட்டே. மேலே நிஜமாக இருந்திருந்தால் இருநூறு, முந்நூறு பேர் கையில் டீக் கோப்பையோடு ஜன்னலில் இன்னொரு ஜன்னலைப் பார்த்திருப்பார்கள். இருபது வருஷத்தில் எனக்கு இது நடந்ததே இல்லை. நான் இடப்பக்கம் திரும்புகிறேன். ஏன்டா, எடுத்துக்கிட்டேன்னியே என்று கேட்கத்தான் திரும்புகிறேன். நாற்காலி காலி. அப்போதுதான் உறைக்கிறது. நாற்காலி முதுகின்மேல் ஒரு கை, விரலை மடித்து வைத்தபடியே, அந்தக் கையை அவன் சூடு பட்டவன் மாதிரி இழுத்துக்கொள்கிறான். அவன் முகத்தை நான் பார்த்தேன். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தான். ஹெட்செட்டில் அந்தப் பெண், பைலட் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில், சின்னப் பிள்ளை மாதிரி, "மேடம், ரெண்டு பேரையும் அப்படியே ஓட்டட்டுமா, நிறுத்திடட்டுமா?" என்கிறாள். இன்றைக்கு முழுக்க என்னிடம் யாரோ கேட்ட முதல் கேள்வி போல இருக்கிறது. நிறுத்தும்மா என்றேன்.

கண்ணாடி அறையில் ராமபத்ரன் சார் என்னை உட்காரவைத்து நான் அழுத்திய எண்களின் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். சீலன் எதிரே, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு. தில்லைநாயகம் கதவோரம் நின்றார், முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். "இங்க பாருங்க மேடம். இந்த இடத்துல உங்ககிட்ட எட்டு ஃப்ளைட், மழை, வடக்குல மெசேஜ். ரெண்டு நாற்காலியோட இதே பயிற்சி செஞ்சவங்க எல்லாரும் அஞ்சு அழுத்தின இடம். நீங்க ஒண்ணு. பொத்தான் மாறிடுச்சா?" நல்ல மனுஷன், கதவைப் பாதி திறந்து வைக்கிறார். தட்டு எந்த டேப்பிலும் இருக்காது, டேப்பில் ரேடியோ குரல் மட்டும்தான் பதியும். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். என் கையில் அருமையான சரக்கு. பார்வையாளர் தட்டினார் சார், அதனால்தான் என்றால் போதும், என் பெயரில் கறை இல்லை, அவன் திட்டப் பிரிவிலிருந்தும் தூக்கி அடிக்கப்படுவான். ஆனால் அப்போது இந்தச் சோதனையே செல்லாது. மறுபடி உட்கார வேண்டும். மறுபடி உட்கார்ந்தால் முடித்துவிடுவேன், நாற்காலி போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கறை எனக்கு, நாற்காலி நிற்கும், மேலே அத்தனை பேருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும். அப்படியானால் அது பொய் எடைதானே. எடைக்கல்லுக்கு அடியில் மெழுகு ஒட்டின மாதிரி. அம்மா எந்த நேரத்தில் குனிவாள். எனக்குத் தெரியவில்லை. மாறலை சார் என்றேன். பக்கத்துல ஆள் இருக்குன்னு நினைச்சேன், பாரமா இல்ல, அதான் ஒண்ணு. இதில் ஒரு எழுத்து பொய் இல்லை, முழுசும் இல்லை. அவர் எழுத ஆரம்பித்தார். தில்லைநாயகம் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நாற்காலி நின்றது. அந்தப் பேனா ஒரு வரி ஓடும் நேரம் வரைக்கும்தான் நின்றது. "சார், நான் தட்டினேன்" என்றான் சீலன்.

யாருக்கும் புரியவில்லை. அவனே சொன்னான், இரண்டு தட்டு, ஒரு தட்டு, பதினொரு வருஷம். கை தானாப் போயிருச்சு சார், நான் தட்டினேன்னே அவ திரும்பிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. "ஆளே வேணாம்னு எழுதினவன் கை சார் இது. அதையும் சேர்த்து எழுதிக்குங்க." அதைச் சேர்த்து எழுதவில்லை. எழுதியதையும் அடித்தார். செல்லாது. நாளைக்குக் காலையில் அதே பயிற்சி, பார்வையாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார். எனக்கு ஏறியது பாருங்கள், காது வரைக்கும் ஏறியது. எவன் கேட்டான் உன்னை என்றேன். நான் வாங்கி வச்சதை நீ எதுக்குடா தெருவுல கொட்டற. அவன் கத்தவில்லை, எப்போதும் கத்தமாட்டான். "பொய் எடை போட மாட்டேன்னு கேண்டீன்ல சத்தம் போட்டது நீதானே. நான் மட்டும் போடணுமா?" இவன் தன் திட்டத்தைக் காப்பாற்றச் சொன்னானா, இல்லை நிஜத்துக்காகச் சொன்னானா, பதினொரு வருஷம் ஒருத்தன் மெல்லும் சத்தத்தைக்கூடத் தெரிந்து வைத்திருந்தவளுக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்பதே இன்னும் கோபம். அப்போ ஒழுங்கா எடை போடுங்க என்றேன் ராமபத்ரன் சாரைப் பார்த்து. நாளைக்கு உக்கார்றேன். ஆனா அந்த நாற்காலி அங்க இருக்கக்கூடாது. அது கிடக்கற வரைக்கும் நான் தனியா இல்ல சார், என் கை அதுங்கிட்டப் பேசும். அதையும் எடுத்துட்டு உக்கார வைங்க, அதுதான் சரியான தராசு. தில்லைநாயகம், "அம்மா, கொஞ்சம் வாய மூடேன்" என்றார். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. எந்த நாற்காலிக்காகப் பந்தயம் கட்டினேனோ அதை நானே கையால் எடுத்துக் கொடுக்கிறேன். திரும்ப வாங்க முடியுமா. வாங்கியிருக்கலாம், ஒரு வார்த்தைதான். என் வாய்க்குத் திரும்பி வரத் தெரியாது. ராமபத்ரன் சார் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

ஹெட்செட்டை எடுக்கத் திரும்பிப் போகிறேன். சிமுலேட்டர் அறையில் விளக்குப் பாதி அணைத்திருக்கிறார்கள், திரையில் வானம் இல்லை, வெறும் கறுப்பு, அதில் என் முகம் மங்கலாக. அடுத்த அறைப் பெண் போய்விட்டாள், கண்ணாடி வழியாக அவள் மேசையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில் தெரிகிறது. என் நாற்காலியில் உட்கார்கிறேன். நாளைக்கு முடித்துவிடுவேன். அதுதான் தெரிகிறது, வேறு எது தெரியாவிட்டாலும். மஞ்சள் கட்டம் வரும், அழுத்துவேன், எதையும் மறக்கமாட்டேன், எதையும் மறக்க முடியாது, இரண்டு, மூன்று, இரண்டு என்று அழுத்திக்கொண்டே போவேன், வண்டி வந்து மேலேயுள்ள நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போகும், அந்தக் கேரளாப் பெண் எந்தத் திரைக்கு முன்னால் ஒற்றையாக உட்காருமோ, மூன்று தட்டு தட்டிய பெண். யாரிடம் தட்டும். கதவு திறக்கிறது. சீலன். நாற்காலியை எடுக்க ஆளை அனுப்புவார்கள் என்று நினைத்தேன், அவனே வந்திருக்கிறான். ரேடியோவில் இருந்தால் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், ஒருத்தனை அடுத்தவரிடம் அனுப்பும்போது சொல்ல அங்கே வைத்திருக்கிறார்கள். அவன் நாற்காலியைக் கொஞ்சம் உருட்டிப் பார்க்கிறான், ஒரு சக்கரம் சிக்கி இழுக்கிறது, மேலேயிருந்து கொண்டுவந்து போட்ட பழைய நாற்காலி, அது அப்போதிலிருந்தே சிக்கும், அந்தப் பக்கமாகச் சாய்ந்துதான் அவன் உட்கார்வான். கம்பளத்தில் சக்கரம் அழுந்திய குழிகள் தெரிகின்றன. உருட்ட முடியாமல் இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொள்கிறான், சர்க்கரைக்காரன், இளைத்துவிட்டான், முதுகில் சட்டை தொங்குகிறது. கதவை முழங்காலால் தள்ளுகிறான். இப்போது எதையாவது சொல்லலாம். சீலா, பாத்துப் போ என்று சொல்லலாம். வாய் வரவில்லை, கைதான் வருகிறது. முட்டியை மடித்து மேசையில் வைக்கிறேன். டக் டக். அவன் நின்றான். திரும்பவில்லை, ஆனால் நின்றான், வாசலில், வெளி வெளிச்சம் பாதி முகத்தில். அந்த ஒரு தட்டுக்குக் காத்திருக்கிறேன். அவன் இரண்டு கையிலும் நாற்காலி.